குன்னூர்ல நாங்க ரத்தமும் யூரினும் குடுக்கிற லேப் - கிட்னி மாத்தினவங்க வீட்டுல இருக்கிறவங்களுக்காக

5க்கு 4 ஸ்டார் குடுக்கறேன். அந்த ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு கீழ சொல்றேன். குறையும் சேர்த்து எழுதறதால பேர் போடல. பெட்போர்ட் பக்கம், முதல் மாடில, மொத்தமே மூணு பேர் வேலை பாக்கிற சின்ன லேப். சுகரும் கொலஸ்ட்ராலும் மட்டும் பாக்கணும்னா குன்னூர்ல எந்த லேப்புக்கு வேணா போங்க, பெருசா வித்தியாசம் இருக்காது. ஆனா வீட்டுல கிட்னி மாத்தினவங்க இருந்தா, அதுவும் மாத்தின கிட்னிலயும் திரும்ப வரக்கூடிய வியாதியா இருந்தா, எந்த லேப்ல குடுக்கறோம்ங்கறது ரொம்ப முக்கியம்ங்க. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

பேஷன்ட் என் தம்பி. நாங்க சேலாஸ் பக்கம், அவன் டீ ஃபேக்டரில வேலை பாத்துட்டு இருந்தான். கால் வீங்குது, காலைல எந்திரிச்சா கண்ணு இமை உப்பியிருக்குன்னு ஆரம்பிச்சு, பயாப்ஸி எடுத்து பாத்தா எஃப்எஸ்ஜிஎஸ்னு சொன்னாங்க. கிட்னில இருக்கிற வடிகட்டி கொஞ்சம் கொஞ்சமா தழும்பாகி, உடம்புல நிக்க வேண்டிய புரோட்டீன் எல்லாம் யூரின்ல போயிடற வியாதி. மாத்திரை, ஸ்டீராய்டு எல்லாம் குடுத்தும் நிக்கல, டயாலிசிஸ்ல போய் நின்னுச்சு. அப்புறம் அம்மா கிட்னி குடுத்தாங்க, கோயம்புத்தூர்ல ஆபரேஷன். வலது பக்க அடிவயித்துல வச்சிருக்காங்க, பழைய ரெண்டு கிட்னியும் அது இடத்துலயே இருக்கு, அதை எடுக்கல, பெரும்பாலும் எடுக்க மாட்டாங்களாம்.

ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர் உக்கார வச்சு சொல்லிட்டார், இந்த வியாதி புது கிட்னிலயும் திரும்பலாம், தோராயமா மூணு பேர்ல ஒருத்தருக்கு வருது, சில பேருக்கு ஆபரேஷன் முடிஞ்ச சில நாள்லயே வரும், சில பேருக்கு மாசக்கணக்கு கழிச்சும் வரும், அதனால யூரின் டெஸ்டை விட்றாதீங்கன்னு. எல்லா கிட்னி வியாதியும் இப்படி இல்லீங்க. கிட்னில நீர்க்கட்டியா பரம்பரையா வருமே பாலிசிஸ்டிக், அது புது கிட்னிக்கு வராது. ஐஜிஏ நெஃப்ரோபதின்னு இன்னொரு கிட்னி வியாதி, அது திரும்ப வரும், ஆனா பெரும்பாலும் வருஷக்கணக்குல மெதுவா வரும். எஃப்எஸ்ஜிஎஸ்லயே ஜீன் கோளாறால வர்ற வகை திரும்பறது ரொம்ப அபூர்வம். அதனால உங்க வீட்டு ஆளுக்கு முதல்ல கிட்னி எதனால போச்சுன்னு பழைய ஃபைலை எடுத்து பாத்து வச்சுக்கோங்க. நம்ம ஊர்ல நிறைய பேருக்கு பிபி, சுகர்னு எழுதி டயாலிசிஸ்ல போட்டுடறாங்க, பயாப்ஸியே எடுத்திருக்க மாட்டாங்க.

இப்ப லேப் கதைக்கு வர்றேன்.

எங்க பக்கம் யாரை பாத்தாலும் முதல்ல கேக்கறது கிரியாட்டினின் எவ்வளவுன்னுதான், அதாவது கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு ரத்தத்துல எவ்வளவு நிக்குதுன்னு காட்டற நம்பர். பஸ்ல பாத்தா கேப்பாங்க, கல்யாண வீட்டுல பாத்தா கேப்பாங்க. 1.1னு சொன்னா "அப்ப ஒண்ணும் பயமில்ல"ன்னு முடிச்சுடுவாங்க. எஃப்எஸ்ஜிஎஸ் திரும்பும்போது முதல்ல தெரியறது கிரியாட்டினின்ல இல்லைங்க, யூரின்ல. வடிகட்டி ஓட்டையாகி புரோட்டீன் போக ஆரம்பிச்சிருக்கும், ஆனா கழிவை வெளிய தள்ளற வேலையை கிட்னி அப்பவும் ஒழுங்கா பண்ணிட்டு இருக்கும், அதனால கிரியாட்டினின் அசையாம நிக்கும். அது ஏறி நமக்கு தெரியறதுக்குள்ள உள்ள தழும்பு விழுந்துடும்.

அந்த மாசம் எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. கிரியாட்டினின் 1.1, போன மாசமும் அதேதான். யூரின்ல புரோட்டீன் எவ்வளவு போகுதுன்னு காட்டற யூரின் புரோட்டீன் கிரியாட்டினின் ரேஷியோ மட்டும் 0.3ல இருந்து 2.8க்கு போயிருந்துச்சு. வேற இடமா இருந்தா பிடிஎஃப் வந்திருக்கும், நாங்க கிரியாட்டினினை பாத்துட்டு நிம்மதியா தூங்கியிருப்போம். இந்த லேப்ல இருக்கிற டெக்னீஷியன் அக்கா என்ன பண்ணாங்கன்னா, அதே சாம்பிளை இன்னொரு வாட்டி மிஷின்ல போட்டு பாத்திருக்காங்க, அப்பவும் அதே நம்பர், போன மாச ரிப்போர்ட்டை எடுத்து பக்கத்துல வச்சு பாத்துட்டு சாயந்திரம் அவங்களே போன் பண்ணாங்க. "ஏம்மா, தம்பிக்கு காய்ச்சல் ஏதாச்சும் இருக்கா, யூரின் எரிச்சல் இருக்கா?"ன்னு கேட்டாங்க, இல்லக்கான்னேன். "அப்ப ரிவ்யூ தேதி வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க, இன்னைக்கே இதை டாக்டருக்கு அனுப்புங்க, ரெண்டு வாட்டி ஓட்டி பாத்தேன், தப்பு இல்ல"ன்னாங்க. வியாதி திரும்பிடுச்சுன்னோ பயப்படாதீங்கன்னோ அவங்களா எதுவும் சொல்லல, அது டாக்டர் சொல்ல வேண்டியதுன்னு அவங்களுக்கு தெரியும். நம்பர் ஏறியிருக்கு, சீக்கிரம் காட்டுங்க, அவ்வளவுதான். நான் அனுப்பினேன், டாக்டர் மறுநாளே கீழ வரச்சொல்லிட்டார்.

கோயம்புத்தூர்ல பயாப்ஸி பண்ணாங்க. சாதாரண மைக்ராஸ்கோப்ல பெருசா ஒண்ணும் தெரியல, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தப்பதான் வடிகட்டியை பிடிச்சிட்டு இருக்கிற போடோசைட்டுங்கற செல்லோட கால் எல்லாம் ஒட்டிப்போய் தட்டையாகி இருக்குன்னு வந்துச்சு. ஆரம்ப கட்டம், இன்னும் தழும்பு விழலன்னாங்க. கழுத்துல குழாய் போட்டு பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச், அதாவது ரத்தத்தை வெளிய எடுத்து பிளாஸ்மாவை மட்டும் பிரிச்சு தள்ளிட்டு அதுக்கு பதிலா ஆல்புமின் ஏத்தறது, ஒருநாள் விட்டு ஒருநாள் போச்சு. கூடவே ரிட்டுக்ஸிமாப் ஊசி, ஆன்டிபாடி உண்டாக்கற செல்லை குறைக்கற மருந்து. செலவை பத்தி இங்க எழுத வேண்டாம், ஆல்புமின் பாட்டில் விலை தெரிஞ்சவங்களுக்கு தெரியும்.

இதுல அம்மாவை பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். திரும்ப வந்துடுச்சுன்னு கேட்டதுல இருந்து அவங்க சாப்பிடவே இல்ல, "என் கிட்னி நல்லால்ல போல, நல்ல கிட்னியா குடுத்திருந்தா பிள்ளைக்கு இப்படி ஆயிருக்காதே"ன்னு புடவை தலைப்பை வாயில வச்சுட்டு அழறாங்க. அதை டாக்டர் கிட்டயே கேட்டுட்டாங்க. அவர் அவசரமில்லாம சொன்னார், அம்மா, வியாதி கிட்னில இல்ல, பையனோட ரத்தத்துல ஏதோ ஒண்ணு ஓடுது, அது போய் எந்த கிட்னியை வச்சாலும் அடிக்குதுன்னு. அதுக்கு ஒரு சம்பவமும் சொன்னார், 2012ல பெரிய மெடிக்கல் ஜர்னல்ல வந்தது, அமெரிக்கால சிகாகோல நடந்தது. எஃப்எஸ்ஜிஎஸ் இருக்கிற ஒருத்தருக்கு வச்ச கிட்னில உடனே வியாதி திரும்பிடுச்சு, எந்த வைத்தியத்துக்கும் கேக்கல. அந்த கிட்னியை ரெண்டு வாரத்துல வெளிய எடுத்து, எஃப்எஸ்ஜிஎஸ் இல்லாத வேற ஒருத்தருக்கு வச்சிருக்காங்க. அவர் உடம்புக்கு போனதும் அதே கிட்னி சரியாகி, புரோட்டீன் போறதும் நின்னு, நல்லா வேலை செஞ்சிருக்கு. அப்ப கிட்னி மேல குத்தம் இல்லல்லன்னு அம்மா கேட்டாங்க. இல்லவே இல்லம்மான்னார். அன்னைக்கு ராத்திரிதான் ரெண்டு இட்லி உள்ள போச்சு. ரத்தத்துல ஓடுற அந்த ஏதோ ஒண்ணு என்னன்னு இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா தெரிய வருதாம், நெஃப்ரின்ங்கற புரோட்டீனுக்கு எதிரா உடம்பே உண்டாக்கற ஆன்டிபாடி சில பேருக்கு காரணம்னு 2022லயும் 2024லயும் ஆய்வுகள் வந்திருக்கு. கிட்னி குடுத்த அம்மா அப்பா யாராச்சும் இதை படிச்சா, இந்த ஒரு பாராவை மட்டுமாவது ரெண்டு வாட்டி படிங்க.

சரி. இப்ப ரேஷியோ 0.6, 0.7ல நிக்குது, பார்ஷியல் ரெமிஷன்னு சொல்றாங்க. முழுசா போகல. அதனால டெஸ்ட் தொடர்ந்து எடுத்துட்டே இருக்கோம், லேப் எங்களுக்கு ரேஷன் கடை மாதிரி ஆயிடுச்சு, மாசம் பொறந்தா போயாகணும். இந்த லேப் ஏன் ஒத்துவருதுன்னு இனிமே சொல்றேன்.

முதல்ல டாக்ரோலிமஸ் லெவல். உடம்பு புது கிட்னியை தள்ளிடாம இருக்க போடற மாத்திரை, ரத்தத்துல கூடினா கிட்னிக்கே கெடுதல், குறைஞ்சா ரிஜெக்ஷன். ராத்திரி 9 மணிக்கு போட்டா காலைல 9 மணி மாத்திரைக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும், 12 மணி நேரம். முன்னாடி நாங்க குடுத்துட்டு இருந்த ஒரு கலெக்ஷன் சென்டர்ல இதை யாரும் கேக்கவே மாட்டாங்க, ஒரு தடவை மத்தவங்க கூட்டத்துல லேட்டாகி, மாத்திரைக்கு நேரமாச்சேன்னு தம்பி கேட்டதுக்கு "போட்டுக்கோங்க, அதனால என்ன"ன்னு கவுன்டர்ல சொல்லி, போட்டதுக்கப்புறம் எடுத்து, ரிசல்ட் 18னு வந்து, டாக்டர் டோஸை குறைக்கலாமான்னு யோசிக்கற அளவுக்கு போயிடுச்சு. அவரோட டார்கெட் 6ல இருந்து 8. இந்த லேப்ல அக்கா ஊசி குத்தறதுக்கு முன்னாடி கேக்கற முதல் கேள்வியே "ராத்திரி எத்தனை மணிக்கு போட்டீங்க, இன்னைக்கு போட்டாச்சா?". ஊதா மூடி டியூப்லயே ரெண்டு நேரத்தையும் எழுதிடுவாங்க. ரிப்போர்ட்லயும் அது வரும். டாக்டர் அதை பாத்துட்டு எந்த லேப்னு கேட்டார்.

இவங்க டாக்ரோலிமஸை இங்க ஓட்டறதில்ல, ஐஸ் பாக்ஸ்ல வச்சு கோயம்புத்தூருக்கு அனுப்பறாங்க, ரிசல்ட் மறுநாள் சாயந்திரம். ஐப்பசி கார்த்திகை மழைல மேட்டுப்பாளையம் ரோட்ல மண் சரிஞ்சு மரம் விழுந்து நின்னு போச்சுன்னா கோத்தகிரி சுத்தி அனுப்புவாங்க, அப்ப லேட்டாகும், ஆனா லேட்டாகும்னு காலைலயே மெசேஜ் வந்துடும். நமக்கு வேண்டியது அதுதானே.

அடுத்தது பொட்டாசியம், இது மலையில இருக்கிறவங்க முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது. புரோட்டீனை குறைக்க லோசார்டன் குடுத்திருக்காங்க, அது பொட்டாசியத்தை ஏத்தலாம்னு அடிக்கடி பாக்கணும். பழைய சென்டர்ல ரத்தத்தை எடுத்து அப்படியே வச்சிருந்து, பிரிக்காமலே கீழ அனுப்பிடுவாங்க. ரத்தத்தை சுத்தி பிரிக்காம குளிர்ல ரொம்ப நேரம் வச்சா ரத்த செல்லுக்குள்ள இருக்கிற பொட்டாசியம் வெளிய கசியும், போதாததுக்கு பர்லியார் வழியா 14 கொண்டை ஊசி வளைவுல குலுங்கி இறங்கும். மார்கழி குளிர்ல ஒரு தடவை 6.2னு வந்துச்சு. அவ்வளவு இருந்தா நெஞ்சு துடிப்பே தாறுமாறாகலாம். ராத்திரியோட ராத்திரி கார் பிடிச்சு பனில ரோடே தெரியாம இறங்கி எமர்ஜென்சில காட்டினோம், ஈசிஜி நார்மல், திரும்ப எடுத்தா 4.6. தம்பி வழியெல்லாம் என் கையை விடவே இல்ல. இந்த லேப்ல எடுத்த கொஞ்ச நேரத்துல இங்கயே சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி, பொட்டாசியம், சோடியம், கிரியாட்டினின் எல்லாம் இங்கயே பாத்துடறாங்க. கையை இறுக்கி கட்டி, மூடி மூடி திறக்கச் சொல்றதும் கிடையாது, அதுவும் பொட்டாசியத்தை பொய்யா ஏத்துமாம்.

யூரினுக்கு காலைல முதல் யூரின், கொஞ்சம் விட்டுட்டு நடுவுல பிடிக்கணும். காலைல குடுத்தா மதியமே ரேஷியோ வந்துடும். யூனிட் விஷயத்துல ஜாக்கிரதையா இருங்க, சில லேப் 0.3ன்னு போடும், சில லேப் அதையே 300ன்னு போடும், ரெண்டும் ஒண்ணுதான், ஒண்ணு மில்லிகிராமுக்கு மில்லிகிராம், இன்னொண்ணு கிராமுக்கு மில்லிகிராம். லேப் மாத்தி மாத்தி குடுத்தா ஏறிச்சா இறங்கிச்சான்னே புரியாது. ஒரே லேப்ல குடுங்கன்னு டாக்டர் சொல்றது இதுக்குத்தான்.

24 மணி நேர யூரின் கேட்டா கேன் அவங்களே தர்றாங்க. கீழ இருக்கிறவங்களுக்கு இது பெருசா தெரியாது, நீலகிரில தண்ணி பாட்டில் தடை இருக்கறதால காலி பாட்டிலை கழுவி வச்சுக்கலாம்னா கிடைக்காது. எப்படி பிடிக்கணும்னு தமிழ்ல ஒரு சீட்டும் ஒட்டியிருக்கும்: முதல் நாள் எந்திரிச்சதும் போறதை விட்டுடணும், அதுக்கப்புறம் போறது எல்லாமே கேன்ல, மறுநாள் எந்திரிச்சதும் போறதும் சேர்த்து. முக்கால்வாசி பேர் தடுமாறறது இந்த முதல் யூரின்லதான்.

வீட்டுல வச்சு பாக்க ஸ்ட்ரிப்பும் இவங்க கிட்டயே வாங்கினோம். யூரின்ல முக்கி எடுத்து, ஒரு நிமிஷம் கழிச்சு டப்பால ஒட்டியிருக்கிற கலரோட வச்சு பாக்கணும். மஞ்சளா இருந்தா புரோட்டீன் இல்ல, பச்சை ஏற ஏற ஒரு பிளஸ், ரெண்டு பிளஸ். ஒரு பிளஸ்னா ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) யூரின்ல சுமார் 30 மில்லிகிராம் புரோட்டீன், ரெண்டு 100, மூணு 300. தண்ணி நிறைய குடிச்சிருந்தா கம்மியா காட்டும், அதனால ரேஷியோவுக்கு பதிலா இதை வச்சுக்க முடியாது, நடுவுல கண்ணு வச்சுக்கறதுக்குத்தான். அக்கா சொன்ன ஒரு விஷயம், ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடியை உடனே இறுக்கி மூடுங்க, பாத்ரூம்ல வைக்காதீங்க, நம்ம ஊர் ஈரத்துல ஸ்ட்ரிப் வீணாகி தப்பு கலர் காட்டும்னு. டப்பாக்குள்ள இருக்கிற ஈரம் உறிஞ்சற பொட்டலத்தையும் தூக்கி போட்டுடாதீங்க. நாங்க அலமாரில துணிக்கு நடுவுல வச்சிருக்கோம்.

வீட்டுக்கு வந்து எடுக்கவும் ஆள் அனுப்பறாங்க. சேலாஸ் வரைக்கும் பைக்ல ஒரு பையன் வர்றான், மழைக்கோட்டு போட்டுட்டு, வந்ததும் கையை கழுவிட்டு மாஸ்க் மாட்டிட்டுதான் உள்ள வருவான், நாம சொல்லவே வேண்டியதில்ல. மருந்தை குடுத்து எதிர்ப்பு சக்தியை குறைச்சு வச்சிருக்கிற உடம்புன்னு அவனுக்கு யாரோ நல்லா சொல்லி குடுத்திருக்காங்க. டயாலிசிஸ் பண்ணின கைல ஃபிஸ்டுலா இருக்கு, அதாவது டயாலிசிஸுக்காக ரெண்டு ரத்தக்குழாயை சேர்த்து தைச்ச இடம், அந்த கைல குத்த மாட்டான், முதல் தடவையே "அண்ணா, எந்த கை?"ன்னு கேட்டான். ஒரு தடவை வீட்டுல பம்ளிமாஸ் இருக்கிறதை பாத்துட்டு, அண்ணன் இதை சாப்பிடக்கூடாதுக்கா, டாக்ரோலிமஸை ஏத்திடும்னு சொல்லிட்டு போனான். பக்கத்து வீட்டுல குடுத்தது, தம்பி தொடல, ஆனாலும் சொன்னானே.

இப்ப அந்த ஒரு ஸ்டார். படிக்கட்டு செங்குத்து, பிடிச்சுக்க கம்பி ஒரு பக்கம்தான். கால் வீங்கியிருந்த நாள்ல தம்பி நடுவுல உக்காந்து உக்காந்து ஏறினான். வயசானவங்க எப்படி ஏறறாங்கன்னு தெரியல, கீழ ஒரு ரூம் பாத்து சாம்பிள் மட்டுமாவது அங்க எடுக்கலாம். வண்டி நிறுத்தவும் இடம் இல்ல, சீசன்ல டூரிஸ்ட் வண்டி நின்னுட்டு இருக்கும். ரிப்போர்ட்ல பேரை ரெண்டு விதமா அடிக்கறாங்க, இனிஷியல் ஒரு மாசம் முன்னாடி, ஒரு மாசம் பின்னாடி, ஆஸ்பத்திரில ஃபைலோட சேக்கும்போது இது யாரோடதுன்னு கேள்வி வருது, சொன்னா திருத்தி தர்றாங்க, ஆனா அடுத்த மாசம் திரும்ப அதே கதை. மழை வந்து நெட்வொர்க் போச்சுன்னா பேமென்ட் போகாது, கைல காசு எடுத்துட்டு போங்க. ரேட் கீழ இருக்கிற அளவுக்குதான், வீட்டுக்கு வர்றதுக்கு தனியா வாங்கறாங்க, எங்க தூரத்துக்கு அது நியாயம்தான்.

எல்லாத்தையும் விட பெரிய குறை ஞாயித்துக்கிழமை பூட்டியிருக்கறது. சனிக்கிழமை ராத்திரி வாந்தி பேதின்னு ஆரம்பிச்சா டாக்ரோலிமஸ் லெவல் ஏறிடும், கிரியாட்டினினும் ஏறலாம், அப்ப திங்கக்கிழமை வரைக்கும் பாத்துட்டு இருக்க முடியாது, மலை இறங்கித்தான் ஆகணும். ஓனர் கிட்ட நேர்ல சொல்லிட்டேன், ஆள் இல்லம்மான்னார். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் கிட்னி மாத்தினவங்க வீடு எத்தனையோ இருக்கு, இதை படிக்கறவங்க நீங்களும் போகும்போது ஒரு வார்த்தை கேளுங்க. காலைல 7ல இருந்து 9 வரைக்கும் ஒரே ஒரு ஆள் இருந்தா போதும், நாலு பேர் சேர்ந்து கேட்டா அவர் யோசிப்பார், கேக்காதவர் இல்ல.